பொது நூலகங்களுக்கான பத்தாண்டுத் திட்டம்: மக்களிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

ஏட்டகம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு மைய நூலகம், அதன்கீழ் சில கிளை நூலகங்கள், ஒரு நடமாடும் நூலக வண்டி ஆகியவற்றைக் கொண்ட பொது நூலக அமைப்புக்கு அடுத்த பத்தாண்டுகளுக்கான திட்டத்தை வரையும் குழுவில் நானும் இருக்கிறேன். மக்களின் கருத்தைக் கேட்ட பின்னரே திட்டத்தை எழுத வேண்டும் என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் இழுபறி நீடிக்கிறது. நூல் வழங்கும் மேசையில் வினாப்பட்டியலை வைத்து, ஒரு மாலையில் கருத்துக்கேட்புக் கூட்டத்தையும் நடத்திவிட்டால் போதும் என்று பெரும்பாலான உறுப்பினர்கள் எண்ணுகின்றனர். வரைவில் உள்ள கேள்விகள் நீங்கள் எல்லாரும் எங்கேனும் நிரப்பியிருக்கக்கூடியவைதாம்: சேவை நிறைவளிக்கிறதா, எந்தத் துறை நூல்கள் கூடுதலாக வேண்டும், திறந்திருக்கும் நேரம் வசதியாக இருக்கிறதா, பிற ஆலோசனைகள் உண்டா.

இவற்றுக்கு என்ன விடை வரும் என்பதை இப்போதே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சேவை நன்று, புதிய நூல்கள் இன்னும் வேண்டும், நேரத்தை நீட்டிக்கலாம், வாசிப்பறையில் மின்விசிறி ஓடவில்லை. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால் இவற்றைக் கொண்டு அடுத்த ஆண்டின் பராமரிப்புப் பட்டியலைத்தான் எழுத முடியுமே தவிர, பத்தாண்டுத் திட்டத்தை எழுத முடியாது. யாரிடம் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், கேட்டது திட்டத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பன குறித்து அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் குழுவின் முன் வைப்பேன்.


முன்மேசை

நூல் வழங்கும் மேசைக்குப் பின்னால் நெடுங்காலம் அமர்ந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேசையில் வைக்கும் வினாப்பட்டியல், ஏற்கெனவே நூலகத்துக்கு வந்து பழகியவர்களை மட்டுமே சென்றடையும். அவர்கள் நூலகத்தின் குறைகளுக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டவர்கள். மாலை 6 மணிக்கு மூடுவது என்றால் 5 மணிக்கு வரக்கூடியவர்களே நம் உறுப்பினர்களாக எஞ்சியிருப்பார்கள். அவர்களிடம் போய் நேரம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார்கள். அந்த 'ஆம்' என்பதை நாம் சதவீதமாக்கி அறிக்கையில் அச்சிடுகிறோம்.

லண்டன் மாநகரின் கிழக்கே உள்ள டவர் ஹாம்லெட்ஸ் பகுதியின் உள்ளாட்சி மன்றம் 1990களின் இறுதியில் இதை வேறு விதமாகச் செய்தது. நூலகத்துக்கு வராதவர்களையும் சேர்த்துக் கருத்துக் கேட்டபோது, கடைவீதிக்குப் போகிற போக்கிலேயே நூலகத்துக்கும் போய்வர முடிய வேண்டும் என்பது வலுவாக வெளிப்பட்டது. அதன்படி நூலகத்தையும் வயதுவந்தோர் கல்வி வகுப்புகளையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்து, மக்கள் நடமாட்டமுள்ள இடங்களில் 'ஐடியா ஸ்டோர்' என்ற பெயரில் நிலையங்களை அமைத்தார்கள். முதலாவது 2002இல் போ என்ற பகுதியிலும், பெரியதொன்று 2005இல் வொயிட்சேப்பலிலும் திறக்கப்பட்டன. அந்தப் பெயரில் எனக்கு உடன்பாடில்லை. நூலகத்தை நூலகம் என்று அழைப்பதில் கூச்சம் எதற்கு என்று இன்றும் நினைக்கிறேன். ஆயினும் இடத்தைத் தேர்ந்தெடுத்த முறை சரியானது. இருக்கும் வாசகர்களை மட்டும் கேட்டிருந்தால், பழைய கட்டடத்தின் கூரையைச் செப்பனிடுங்கள் என்றே விடை கிடைத்திருக்கும்.

எனவே நூலகத்தைப் பற்றிய கேள்விகளைக் குறைத்து, மக்களின் அன்றாடத்தைப் பற்றிய கேள்விகளைக் கூட்டுங்கள். பள்ளி விட்டபின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? அரசு விண்ணப்பம் ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டுமானால் யாரிடம் போகிறீர்கள்? அண்மையில் எதையாவது கற்றுக்கொள்ள விரும்பிக் கைவிட்டீர்களா, ஏன்? வீட்டில் ஒரு மணி நேரம் இடையூறின்றிப் படிக்க இடம் இருக்கிறதா? இந்த விடைகளிலிருந்து நூலகம் செய்யக்கூடியது எது என்பதைக் கண்டறிவது நம் வேலை. அந்த வேலையை மக்கள் தலையில் சுமத்தக் கூடாது.

யாரிடம் கேட்பது என்பதற்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. உறுப்பினர் பதிவேட்டை எடுத்து, இரண்டு ஆண்டுகளாக ஒரு நூலும் எடுக்காதவர்களின் பட்டியலைத் தயாரியுங்கள். ஒரு காலத்தில் ஆர்வத்தோடு படிவம் நிரப்பிச் சேர்ந்து, பிறகு நின்றுபோனவர்கள் அவர்கள். ஏன் நின்றார்கள் என்பதை அவர்களில் சிலரிடம் பொறுமையாகக் கேட்டாலே, உங்கள் வினாப்பட்டியல் முழுவதும் தராத செய்தி கிடைக்கும்.


ஐயவாதி

முன்மேசை ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் இந்த இழையின் அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். மக்கள் தாங்கள் கண்டதைத்தான் கேட்பார்கள். காணாததைக் கேட்க மாட்டார்கள். வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையை இன்று இயல்பென்று கருதுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பிரித்தானியப் பொது நூலகங்களில் நூலின் பெயரைச் சொல்லி, மேசைக்கு அப்பாலிருந்து அதைப் பெறுவதே வழக்கமாக இருந்தது. ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்ற நூலகர் 1894இல் லண்டன் கிளெர்க்கன்வெல் நூலகத்தில் அலமாரிகளைத் திறந்துவிட்டார்; அது அத்துறையில் கடுமையான சர்ச்சையைக் கிளப்பியது. அதற்கு முன் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியிருந்தால், நூல் தேடித் தரும் பணியாளர்களை அதிகப்படுத்துங்கள் என்றுதான் மக்கள் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இரண்டாவது ஐயம், பத்தாண்டு என்ற கால அளவைப் பற்றியது. 2015இல் எழுதப்பட்ட பத்தாண்டுத் திட்டங்களில், 2020இல் உலகெங்கும் நூலகங்களின் கதவுகள் மாதக்கணக்கில் மூடப்படும் என்று எவரும் எழுதியிருக்கவில்லை. இவ்வளவு உழைப்பை ஒரு ஆவணத்தில் கொட்டுவதைவிட, இத்தனை பேருக்கு இத்தனை நூல்கள், இத்தனை சதுர அடி, இத்தனை பணியாளர்கள் என்ற பொதுத் தரத்தை வகுத்து அதை எட்டப் பாடுபடுவது எளிது, நேர்மையானதும்கூட.


திட்டவரைவு

ஐயவாதி அவர்கள் முன்மொழியும் பாதையில் ஏற்கெனவே நடந்து பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான நூலகத் தரநிலைகள் பலமுறை வெளியிடப்பட்டன. 1966இல் வந்த குறைந்தபட்சத் தரங்கள் அந்த வரிசையில் கடைசி. அதன்பின் பொது நூலகச் சங்கம் அந்த முறையையே கைவிட்டு, ஒவ்வொரு நூலகமும் தன் மக்களை ஆராய்ந்து தானே திட்டமிடுவதற்கான கையேட்டை 1980இல் வெளியிட்டது. தலைக்கு இத்தனை நூல் என்ற எண்ணுக்கு, குழந்தைகள் மிகுந்த பகுதியும் முதியோர் மிகுந்த பகுதியும் ஒன்றுதான். சேவைக்கு அவை ஒன்றல்ல என்பதே அதன் பின்னிருந்த காரணம். எண்கள் தரையைக் காட்டும். அதன்மேல் என்ன கட்டுவது என்பதைக் காட்டமாட்டா.

அடுத்து 1987இல் வந்த கையேடு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு பொது நூலகம் ஏற்கக்கூடிய எட்டுப் பணிகளை அது வகுத்துக் காட்டியது: மக்கள் கூடும் மையம், உள்ளூர்த் தகவல் மையம், பள்ளி கல்லூரிக் கல்விக்குத் துணை, தானே கற்பவருக்குத் துணை, விருப்ப வாசிப்பு, பள்ளி வயதை இன்னும் எட்டாத சிறுவருக்கான கல்வி வாயில், குறிப்புதவி, ஆய்வு. எட்டையும் ஒரே அளவில் எந்த நூலகத்தாலும் செய்ய இயலாது என்பதால், சிலவற்றையே முதன்மையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் நெறி. மக்களைக் கேட்பதன் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தெரியும். என்ன வேண்டும் என்று கேட்டால் எல்லாமே வேண்டும் என்ற விடைதான் வரும். எவை முதலில் என்று கேட்கும்போதுதான் திட்டம் பிறக்கிறது. எதைச் செய்யப் போவதில்லை என்று ஒரு வரிகூட எழுதாத திட்டத்தை நான் முழுதும் படிப்பதில்லை.

பத்தாண்டு என்ற அளவைப் பற்றி. வருங்காலத்தில் எல்லாமே தெரியாதவை அல்ல. இன்று பிறக்கும் குழந்தைக்குப் பத்தாண்டில் பத்து வயது என்பது உறுதி. எந்தப் பணியாளர் எந்த ஆண்டில் ஓய்வு பெறுவார், எந்தக் கிளையின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடியும், எந்தக் கூரை இன்னும் எத்தனை மழைக்காலம் தாங்கும், எந்தத் திசையில் புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது என்பனவெல்லாம் இன்றே அலுவலகக் கோப்புகளில் இருக்கின்றன. கட்டடம், நிலம், பணியிடம், குழந்தைகள் சேவை ஆகியவற்றைப் பத்தாண்டு அளவில் திட்டமிடலாம். கணினி, மின்னூல் உரிமம், மென்பொருள் ஆகியவற்றை மூன்றாண்டுக்கு மேல் திட்டமிடுவது வீண். சிங்கப்பூர் இப்படித்தான் கட்டம் கட்டமாகச் சென்றது. 1994இல் 'நூலகம் 2000' என்ற அறிக்கை வெளியானது; அதை நிறைவேற்றுவதற்காக 1995இல் தேசிய நூலக வாரியம் அமைந்தது; அந்தக் காலம் முடியும்போது அடுத்த அறிக்கை, அதன்பின் மற்றொன்று. 2021இல் வெளியான திட்டம் 2025ஐ மட்டுமே இலக்காகக் கொண்டது என்பதைக் கவனியுங்கள். தொலைநோக்கின் நீளம் தேவைக்கேற்பக் குறுகலாம்.

மக்கள் கண்டதைத்தான் கேட்பார்கள் என்பது உண்மை. அதற்குரிய மருந்து, காணாததைச் சிறிய அளவில் காட்டிவிட்டுக் கேட்பது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியின் மைய நூலகமான 'ஓடி' (Oodi), 2018 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நகர மக்களின் விருப்பங்களைத் திரட்டினார்கள்; நூலகத்தின் நிதியில் ஒரு பகுதியை எந்தச் சோதனை முயற்சிகளுக்குச் செலவிடுவது என்பதை மக்களே கூடி முடிவு செய்யவும் இடமளித்தார்கள். இன்று அதன் மேல்தளத்தில் நூல்கள். இடைத்தளத்தில் தையல் இயந்திரங்களும் ஒலிப்பதிவு அறைகளும் முப்பரிமாண அச்சுப்பொறிகளும். தாளில் எழுதிக் கேட்பதைக் காட்டிலும் ஒரு மாதம் நடத்திக் காட்டிவிட்டுக் கேட்பது நம்பத்தக்க விடையைத் தரும்.


கணக்கேடு

மேலே எழுதிய எவரும் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நூலகத் திட்டங்கள் பெரும்பாலும் கட்டுவதற்கான பணத்தைப் பேசும். நடத்துவதற்கான பணத்தைப் பேசுவதில்லை. அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் கொடையால் உலகெங்கும் 2,500க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவர் வைத்த நிபந்தனை பலருக்கு நினைவிருக்காது: நிலத்தை ஊர் தர வேண்டும், கொடைத் தொகையில் 10 விழுக்காட்டை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்துவதற்கு ஊரே ஒதுக்க வேண்டும். இதை ஏற்க மனமில்லாமல் கொடையையே வேண்டாம் என்ற ஊர்களும் உண்டு. அந்த 10 விழுக்காடு இன்றைய செலவுக்குப் போதாது. ஆயினும் அந்த நிபந்தனையின் அறிவு இன்னும் பழையதாகவில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகர மக்கள் 1998இல் புதிய மைய நூலகத்துக்கும் கிளைகளுக்குமாக 19.64 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். 2004இல் உலகமே வியந்த கட்டடம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் நகரத்தின் நடப்பு வருவாய் குறைந்ததால், செலவைக் குறைப்பதற்காக நூலகம் முழுவதையுமே ஆண்டில் சில நாட்கள் ஒட்டுமொத்தமாக மூடிவைத்தார்கள். மூலதனக் கணக்கில் பணம் இருந்தது. நடப்புக் கணக்கில் இல்லை. ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் செலவிட விதி இடம் தரவில்லை. 2012இல் ஏழாண்டுக்கான தனி வரிக்கு மக்கள் மீண்டும் வாக்களித்த பிறகே திறந்திருக்கும் நேரம் ஓரளவு மீண்டது. கொலம்பியாவின் மெடலின் நகரில் ஏழை மக்கள் வாழும் மலைச்சரிவில் 2007இல் எழுந்த நூலகப் பூங்கா ஒன்று, பரிசுகளையெல்லாம் வென்றபின், கட்டுமானக் குறைபாட்டால் பத்தாண்டுக்குள் மூட நேர்ந்ததையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மக்களிடம் கேட்கும் ஒவ்வொரு விருப்பத்தின் பக்கத்திலும் அதன் ஆண்டுச் செலவை எழுதுங்கள். ஞாயிறு திறப்பதற்கு இரண்டு பணியாளர்கள் கூடுதலாகத் தேவை; அதே பணத்தில் நடமாடும் வண்டியை வாரத்தில் மேலும் இரண்டு நாள் இயக்கலாம்; அதே பணத்தில் இத்தனை புதிய நூல்கள் வாங்கலாம்; எது முதலில்? தொகையைப் பார்த்து மக்கள் மிரள்வார்கள் என்று அலுவலர்கள் அஞ்சுகிறார்கள். குடும்ப வரவுசெலவை நாள்தோறும் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இது புரியாத கணக்கல்ல.


ஏட்டகம்

கணக்கேடு அவர்களின் கேள்வி வடிவம் குழுவுக்குப் பயன்படும். ஆனால் ஓர் ஐயம். இப்படித் தேர்வுகளை வைத்து வாக்கெடுத்தால், பெரும்பான்மைக்குப் பிடித்ததே எப்போதும் வெல்லும் அல்லவா? நடமாடும் வண்டியை நம்பியிருப்போர் எண்ணிக்கையில் குறைவு. ஞாயிறு திறப்பை விரும்புவோர் மிகுதி. வாக்கு என்று வந்தால் வண்டி நின்றுவிடும்.


செவிநூல்

ஏட்டகம் அவர்களின் ஐயம் எங்களைப் போன்றவர்களுக்குக் கற்பனை அன்று. எனக்குப் பார்வை மிகக் குறைவு. ஒலிநூல்களையும் பெரிய எழுத்து நூல்களையும் நம்பியே வாசிக்கிறேன். ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நூறு பேர் இருந்தால் என்னைப் போன்றவர் ஒருவரோ இருவரோ இருப்பார். கூட்டம் நடப்பதைச் சுவரொட்டியில் மட்டும் அறிவித்திருந்தால் அந்த ஒருவரும் இருக்கமாட்டார். வாக்கெடுப்பில் ஒலிநூல் எந்த நாளிலும் வெல்லப் போவதில்லை.

எனவே எவற்றைக் குறித்து மக்களைக் கேட்கலாம், எவை கேட்பதற்கே உரியவை அல்ல என்ற எல்லையைக் குழு முதலில் வரைய வேண்டும். யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் வெளியிட்ட பொது நூலக அறிக்கை 1949இல் தொடங்கி 1972, 1994, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. வயது, பால், இனம், மொழி, சமயம், சமூக நிலை எதையும் பாராமல் எல்லாருக்கும் சமமான சேவை என்பது அதன் அடிப்படை. வழக்கமான சேவையைப் பயன்படுத்த இயலாதவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்கவும் நாடுகளுக்கிடையே பகிரவும் பதிப்புரிமையில் விலக்குத் தரும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் உருவாகி 2016இல் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் ஒரு மாலைக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்யும் செய்திகள் அல்ல.

அவ்வாறே, யார் எந்த நூலை எடுத்தார் என்ற பதிவு வெளியே போகக் கூடாது என்பதையும், சிலருக்குப் பிடிக்காத கருத்துகளைச் சொல்லும் நூல்களும் அலமாரியில் இருக்க வேண்டும் என்பதையும் வாக்குக்கு விடக் கூடாது. தேர்வுக்கு வைக்க வேண்டியவை இவற்றுக்கு அப்பால் நிறையவே இருக்கின்றன. நடமாடும் வண்டி இயங்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். வண்டி எந்த நாளில், எந்த நிறுத்தத்தில், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அதைப் பயன்படுத்துவோரிடமே கேளுங்கள்.


முன்மேசை

செவிநூல் அம்மா வரைந்த எல்லை எனக்கு முழு உடன்பாடு. அதோடு, சொல்லாமல் விடப்படும் கருத்துகளைப் பற்றியும் எழுத வேண்டும்.

எந்த நூலகத்திலும் எத்தனை நூல்கள் இரவல் போயின என்பதை நாள்தோறும் எழுதுகிறோம். உட்கார இடமின்றி எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதை எழுதுவதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே வந்து தங்கள் சொந்தப் புத்தகங்களோடு இருக்கைகளை நிரப்பிவிடுகிறார்கள் என்பது மூத்த வாசகர்களின் நெடுநாள் முறையீடு. இரவல் கணக்கில் இந்த இளைஞர்கள் இருப்பதே இல்லை. அவர்கள் ஒரு நூலும் எடுப்பதில்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கும் வரமாட்டார்கள், தேர்வு நெருங்கியிருக்கும். ஆனால் கட்டடத்தை மிக அதிக நேரம் பயன்படுத்துவோர் அவர்களே. அவர்களை இடையூறாகக் கருதும் திட்டம் வேறு. அவர்களுக்கென்று நள்ளிரவு வரை திறந்திருக்கும் ஓர் எளிய படிப்பறையைத் தனி வாயிலோடு அமைக்கும் திட்டம் வேறு. இரண்டில் எது வேண்டும் என்பதைக் கேட்பதற்கு முன், அவர்கள் எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்பது தெரிய வேண்டும்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. கட்டடத்தின் வரைபடத்தைப் படியெடுத்து, இரண்டு வாரம், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பணியாளர் ஒருமுறை சுற்றிவந்து எங்கே யார் என்ன செய்கிறார் என்று குறிக்கட்டும்: செய்தித்தாள் படிப்பவர், கைப்பேசிக்கு மின்னேற்றுபவர், பிள்ளைக்குக் கதை சொல்பவர், வெயிலுக்கு ஒதுங்கியவர், உறங்குபவர். பெயரோ அடையாளமோ எழுதக் கூடாது. தேர்வுக் காலத்தில் ஒருமுறையும் விடுமுறையில் ஒருமுறையும் செய்ய வேண்டும். எந்த மூலை எப்போதும் காலியாகக் கிடக்கிறது என்பதும் இதில் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது நாம் மிகுந்த பெருமையோடு வைத்திருக்கும் கண்ணாடி அலமாரிப் பகுதியாகத்தான் இருக்கும்.

இதைச் சொல்லும்போது நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வருகிறார். 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது. படிக்கும்போது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்த ஒற்றை விதியை விளக்கும்போது நூலகம் எந்த இடத்தில் அமைய வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், அறைகலன் எப்படி இருக்க வேண்டும், பணியாளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்றெல்லாம் அவர் பேசுகிறார். பத்தாண்டுத் திட்டத்தின் உட்தலைப்புகள் ஏறத்தாழ அவையேதான்.


ஐயவாதி

என் முதல் ஐயத்தைத் திட்டவரைவு அவர்கள் பாதி தீர்த்துவைத்தார். புதியதொன்றைக் கிளப்புகிறேன். அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். மக்களுக்கு அறிவிப்பது, மக்களைக் கலந்தாலோசிப்பது ஆகிய இரண்டையும் அவர் வைத்திருப்பது நடுப்படிகளில். பங்கேற்பைப் போலத் தோற்றமளிக்கும், அதிகாரம் கைமாறாத படிகள் அவை. பெரும்பாலான நூலகத் திட்டங்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. முடிவை முன்பே எடுத்துவிட்டு, மூடப்போகும் கிளைகளின் பட்டியலை மேசையறையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்து மக்களின் கருத்தைக் கேட்பதும் நடக்கிறது.

இங்கிலாந்தின் விர்ரல் (Wirral) என்ற பகுதியில் இதுவே சட்டச் சிக்கலாக மாறியது. 24 நூலகங்களில் 11ஐ மூட உள்ளாட்சி மன்றம் முடிவெடுத்தது. 1964ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் முழுமையான, திறன்மிக்க நூலகச் சேவையை வழங்குவதை உள்ளாட்சியின் கடமையாக்கியிருக்கிறது. அதன்படி அரசு விசாரணைக்கு ஆணையிட, 2009இல் வெளியான விசாரணை அறிக்கை, மன்றம் சட்டக் கடமையை மீறியது என்று கண்டது. உள்ளூர் மக்களின் தேவை என்ன என்பதை மன்றம் மதிப்பிடவே இல்லை; தேவையை அறியாதவர் அதைப் போதிய அளவில் நிறைவேற்றுவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதே அதன் சாரம். அறிக்கை வெளியாவதற்கு முன்பே மன்றம் தன் முடிவைத் திரும்பப் பெற்றிருந்தது. மூடுவதா கூடாதா என்பதற்குள் நான் போகவில்லை. சில நேரம் ஒரு கிளையை மூடி இரண்டை வலுப்படுத்துவது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மதிப்பீடு முடிவுக்கு முன்னால் வர வேண்டும். ஏட்டகம் அவர்களின் குழு எந்த முடிவையாவது ஏற்கெனவே எடுத்திருக்குமானால், அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, மீதமுள்ளவற்றைக் குறித்து மட்டும் கருத்துக் கேட்பது நல்லது.


திட்டவரைவு

விர்ரல் எடுத்துக்காட்டு பொருத்தமானது. அதிலிருந்து ஒரு நடைமுறையைப் பெறலாம். கருத்துக்கேட்பு தொடங்கும் நாளிலேயே ஒரே பக்கத்தில் மூன்று செய்திகளை வெளியிடுங்கள்: எவை முடிவாகிவிட்டன, எவை இன்னும் திறந்திருக்கின்றன, இறுதி முடிவை யார் எந்த நாளில் எடுப்பார்கள். முடிவாகிவிட்டவற்றின் பட்டியல் நீளமாக இருந்தால் எழுதும்போதே குழுவுக்கு உறுத்தும். அந்த உறுத்தல் நல்லது.

கருத்துகள் வந்தபின் அவற்றை 'மக்கள் பல நல்ல ஆலோசனைகளை வழங்கினர்' என்ற ஒற்றை வரியில் புதைத்துவிடுவது வழக்கம். அதற்கு மாறாக, வந்த ஒவ்வொரு வகைக் கருத்துக்கும் எதிரே, ஏற்கப்பட்டதா, எந்த ஆண்டில், எந்தத் தலைப்பில் நிதி, எந்த அலுவலர் பொறுப்பு, ஏற்கப்படவில்லை என்றால் ஏன் என்று எழுதிய பட்டியலைத் திட்டத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்து, எல்லாக் கிளைகளிலும் ஒட்ட வேண்டும். மறுக்கப்பட்டதற்குக் காரணம் தெரிந்தவர் அடுத்த முறையும் வருவார். காரணமே சொல்லாமல் விட்டால் நூலகத்துக்கும் வரமாட்டார்.

மூன்றாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் திட்டத்தைத் திறந்து திருத்துவதற்கான நாளை இப்போதே எழுதிவையுங்கள். அப்போது கேட்க வேண்டியவர்கள் புதியவர்கள் மட்டுமல்ல; முதல் சுற்றில் கருத்துச் சொன்னவர்களிடமே போய், நீங்கள் கேட்டது நடந்ததா என்று கேட்க வேண்டும். இதற்கு அவர்களின் தொடர்பு விவரம் வேண்டும். அதைப் பெறும்போது எதற்காகப் பெறுகிறோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்பதையும் படிவத்திலேயே அச்சிட வேண்டும்.


கணக்கேடு

ஒரு வரி சேர்க்கிறேன். அந்தப் பின்னிணைப்பில் நிதி என்ற பத்தியில் 'நிதி கிடைக்கும்போது' என்று எழுத அனுமதிக்காதீர்கள். அப்படி எழுதினால் அது ஏற்கப்படவில்லை என்றே பொருள். ஏற்கப்படாதவை என்ற பத்தியிலேயே அதை எழுதிவிடலாம்.


ஏட்டகம்

அனைவருக்கும் நன்றி. குழுவின் அடுத்த அமர்வில் வைப்பதற்கான குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசையில் வைக்கும் வினாப்பட்டியலை நீக்கப் போவதில்லை. அது பராமரிப்புக் குறைகளைத் திரட்டட்டும். திட்டத்துக்கான கேள்விகள் தனியாக, வெளியே, முன்மேசை ஐயா சொன்ன வகையில் போகும். செவிநூல் அம்மா வரைந்த எல்லையைக் குறிப்பின் முதல் பத்தியாக வைத்திருக்கிறேன். மணிக்கொருமுறை கணக்கெடுப்பதற்குக் கிளை நூலகர்கள் இசைந்திருக்கிறார்கள், ஆள் பற்றாக்குறையைச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டே.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. நின்றுபோன உறுப்பினர்களின் பதிவேட்டில் பலருக்குத் தொலைபேசி எண் இல்லை, முகவரி மட்டுமே இருக்கிறது. அவர்களை எப்படி அணுகுவது?


முன்மேசை

அஞ்சலட்டை அனுப்புங்கள். மறுமொழிக்கான அஞ்சல் கட்டணத்தை நூலகமே செலுத்தியதாக இருக்கட்டும். அட்டையில் ஒரே கேள்வி போதும்: நூலகத்துக்கு வருவதை எதனால் நிறுத்தினீர்கள்? எழுதுவதற்கு இடத்தைத் தாராளமாக விடுங்கள். தேர்ந்தெடுத்துக் குறியிடும் கட்டங்கள் வேண்டாம், கட்டம் போட்டால் நாம் எண்ணிவைத்த காரணங்களையே அவர்களும் சொல்வார்கள். நிலுவை நூலைப் பற்றியோ தண்டத்தொகையைப் பற்றியோ அந்த அட்டையில் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. திருப்பித் தராத ஒரு நூலுக்காக அஞ்சியே வராமல் இருப்பவர்கள் அந்தப் பட்டியலில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருப்பார்கள். அவர்கள் விடையெழுத வேண்டுமானால், இந்த விடையைக் கொண்டு எந்தத் தொகையும் கேட்கப்படாது என்ற உறுதியை முகவரிக்கு மேலேயே அச்சிட்டுவிடுங்கள்.